நடக்காத போரை எழுதியது யார்?

ஒரு வல்லரசுக்கும் ஒரு சிறிய நாட்டுக்கும் போர் மூண்டால் என்ன ஆகும்? இந்தக் கேள்வியை நாம் வழக்கமாக ராணுவ நிபுணர்களிடம் விட்டுவிடுகிறோம். அவர்கள் டாங்கிகளை எண்ணுவார்கள், ஏவுகணை போய்ச் சேரும் தூரத்தைச் சொல்வார்கள், வரைபடத்தில் அம்புக்குறி போடுவார்கள். இலக்கியக்காரர்களுக்கு அங்கே என்ன வேலை என்பது நம்மிடையே ஒரு பொதுப்புத்தி. நான் சொல்ல வருவது இதற்கு நேர் எதிரானது. நடக்காத போர் முதலில் ஒரு பிரதி. அதற்கு ஆசிரியர் உண்டு, பாத்திரங்கள் உண்டு, இலக்கணம் உண்டு. பேச அனுமதிக்கப்பட்டவர்களும் வாயடைக்கப்பட்டவர்களும் உண்டு. எனவே அதை வாசிப்பதும் கட்டுடைப்பதும் நம் வேலைதான்.

1

2002ஆம் ஆண்டு ஜூலை 24 முதல் ஆகஸ்ட் 15 வரை அமெரிக்க ராணுவம் 'மில்லேனியம் சேலஞ்ச் 2002' என்ற பெயரில் மாபெரும் போர் ஒத்திகை ஒன்றை நடத்தியது. 13,500 பேர் பங்கேற்றார்கள். செலவு சுமார் 25 கோடி டாலர். ஒரு பகுதி கணினியில் நடந்தது, ஒரு பகுதி நிஜத் துருப்புகளோடு நடந்தது. கதை நடக்கும் காலம் 2007. நீல அணி அமெரிக்கா. சிவப்பு அணி பாரசீக வளைகுடாவில் பெயரில்லாத ஒரு நாடு. சிவப்புக்குத் தலைமை தாங்கியவர் அமெரிக்க மரைன் படையிலிருந்து ஓய்வுபெற்ற லெப்டினன்ட் ஜெனரல் பால் வான் ரைப்பர்.

நீலம் சரணடையச் சொல்லிக் கெடு விதித்தது. சிவப்பு அதற்குப் பணியவில்லை. எதிரி ஒட்டுக்கேட்பான் என்று தெரிந்ததால் ரேடியோவைத் தொடவே இல்லை. மோட்டார் சைக்கிளில் ஆள் அனுப்பிச் செய்தி சொன்னது. தொழுகை அழைப்போடு சங்கேதச் சொற்களைக் கலந்தது. விளக்கு வெளிச்சத்தைக் காட்டி விமானங்களை எழுப்பியது. பிறகு திடீரென்று ஏவுகணைகளையும் சின்னச் சின்னப் படகுகளையும் ஒரே சமயத்தில் ஏவிவிட்டது. ஒரு விமானந்தாங்கிக் கப்பல் உட்பட 16 போர்க்கப்பல்கள் மூழ்கின. நிஜமாக இருந்திருந்தால் 20,000 பேருக்கு மேல் செத்திருப்பார்கள் என்று கணக்கிட்டார்கள்.

அப்புறம் என்ன ஆச்சு? மூழ்கின கப்பலெல்லாம் மறுபடியும் மிதந்துச்சு. ஆட்டம் திரும்பத் தொடங்கப்பட்டது. சிவப்பு தன் ராடார்களை எதிரி அடிப்பதற்கு வசதியாக இயக்கி வைக்க வேண்டும், துருப்புகளை இறக்க வரும் விமானங்களைச் சுடக் கூடாது என்றெல்லாம் உத்தரவு வந்தது. வான் ரைப்பர் பாதியிலேயே தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். கடைசியில் நீலம் 'வென்றது'.

தெருவில் கிரிக்கெட் ஆடியவர்களுக்கு இந்த ஆளைத் தெரியும். மட்டையும் பந்தும் அவனுடையது. முதல் பந்திலேயே குச்சி பறந்தாலும் 'அது ட்ரையல் பால்டா' என்பான். மட்டை அவனுடையதாக இருக்கும்வரை நடுவரும் அவனே.

ராணுவத் தரப்பு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆயிரக்கணக்கான நிஜத் துருப்புகளைக் கூட்டிவைத்துவிட்டுத் தொடக்கத்திலேயே 'முடிஞ்சுபோச்சு, வீட்டுக்குப் போங்க' என்று சொல்ல முடியாது. பரிசோதிக்க வேண்டிய புதிய போர்முறைகள் மீதி இருந்தன. கணினியின் கணக்கில் கப்பல்கள் இயல்புக்கு மாறாகக் கரைக்கு மிக அருகில் நின்றன என்றார்கள். இதில் உண்மை இருக்கலாம். ஆனால் சிவப்பின் சுதந்திரம் ஒரு கட்டத்துக்கு மேல் சுருக்கப்பட்டதைப் பின்னால் வெளியான ராணுவத்தின் சொந்த அறிக்கையே ஒப்புக்கொண்டது. எந்த முடிவு நீலத்துக்கு ஒத்துவரவில்லையோ அது விபத்து, எது ஒத்துவந்ததோ அது பாடம். இதுதான் இந்தப் பிரதியின் இலக்கணம்.

2

இதுவரை சொன்னது பலரும் அறிந்த கதை. ஏகாதிபத்திய எதிர்ப்பாளர்களுக்குப் பிடித்த கதையும்கூட. 'பார்த்தீர்களா, சின்ன நாடு ஜெயித்தது, பெரியவன் அழுகுணி ஆட்டம் ஆடினான்' என்று கைதட்டத் தோன்றும். இங்கேதான் நான் கொஞ்சம் நிற்க வேண்டும் என்கிறேன்.

ஜெயித்தது யார்? வளைகுடாவின் எந்தச் சிறிய நாடும் ஜெயிக்கவில்லை. ஓர் அமெரிக்கத் தளபதி இன்னோர் அமெரிக்கத் தளபதியை ஜெயித்தார். சிவப்பின் தந்திரம், கோபம், மௌனம் எல்லாமே ஓர் அமெரிக்க மூளையில் உதித்தவை. வான் ரைப்பர் நேர்மையாகவே ஆடினார், சந்தேகமில்லை. ஆனால் அவர் நேர்மையின் நோக்கம் தன் நாட்டுப் படையின் ஓட்டைகளைக் காட்டி அதை இன்னும் வலுவாக்குவது. சிறிய நாடு தன் வெற்றியில்கூடத் தனக்காக இல்லை. வல்லரசு தன் முகத்தைச் சரிபார்த்துக்கொள்ளும் கண்ணாடியாக இருக்கிறது. மற்றமையை இதைவிடச் சுத்தமாக விழுங்க முடியாது.

அந்த மோட்டார் சைக்கிள்காரனை நினைத்துப் பாருங்கள். ஆட்டத்தில் அவன் ஒரு 'தகவல்தொடர்பு முறை'. அவனுக்கு வீடு இல்லை, பெண்டாட்டி பிள்ளை இல்லை, இந்தப் போர் வேண்டுமா வேண்டாமா என்று ஓர் அபிப்பிராயம் இல்லை. தொழுகைக்கு அழைப்பவரின் குரலையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தில் அது கெட்டிக்காரத்தனமான ஒரு சங்கேதம். நிஜத்தில் அப்படி ஒரு சந்தேகம் எழுந்தாலே போதும், பள்ளிவாசல் தாக்குதல் இலக்காகிவிடும். கற்பனையில் சிவப்புக்குக் கிடைத்த இந்த வெற்றி, நிஜத்தில் சிவப்பு மக்கள் மேலேதான் வந்து விழும்.

2003 மார்ச் 20இல் அமெரிக்கா ஈராக் மீது படையெடுத்தது. ஒத்திகை முடிந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. ஒத்திகைதான் போருக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஒரு நாட்டைப் பெயரில்லாத ஒரு நிறமாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த நாட்டுக்குள் நுழைவது சுலபம் என்றுதான் சொல்கிறேன்.

3

வேறொரு பிரதி. 1964 செப்டம்பரில் பென்டகனில் 'சிக்மா 2-64' என்ற போர் விளையாட்டு நடந்தது. வட வியட்நாமைக் குண்டுவீசிப் பணிய வைக்க முடியுமா என்பது கேள்வி. முடியாது என்பதுதான் விளையாட்டு காட்டிய பதில்: குண்டு விழ விழ எதிர்ப்பு குறையாது, அமெரிக்கா மேலும் மேலும் உள்ளே இழுக்கப்படும். இந்த முறை யாரும் கப்பலை மிதக்க வைக்கவில்லை. பதிலைக் கேட்டுக்கொண்டு மடித்து வைத்துவிட்டார்கள். 1965 மார்ச் 2இல் தொடர் குண்டுவீச்சு தொடங்கியது. மார்ச் 8இல் மரைன் படை டா நாங்கில் இறங்கியது. போர் முடிந்தபோது அமெரிக்கத் தரப்பில் இறந்தவர்கள் 58,000க்கு மேல். வியட்நாம் அரசு 1995இல் வெளியிட்ட கணக்கின்படி அந்நாட்டுப் போராளிகள் 11 லட்சம், பொதுமக்கள் 20 லட்சம்.

ஆக, தவறான கற்பனையால்தான் வல்லரசு போருக்குப் போகிறது என்ற தாராளவாத ஆறுதலும் நிற்காது. சரியான கற்பனை கையில் இருந்தும் போனார்கள். ஏனென்றால் அந்தப் பிரதியில் விலை என்பது நீலம் கொடுக்கும் விலை மட்டுமே. அந்த 20 லட்சம் பேர் அதில் ஒரு வரியாகக்கூட எழுதப்படவில்லை.

ழான் பூத்ரியார் 1991இல் வளைகுடாப் போர் நடக்கவே இல்லை என்று எழுதியதை நம்மில் சிலர் சிலாகித்தோம், சிலர் வைதோம். அவர் சாவுகளை மறுக்கவில்லை. முடிவு முன்பே எழுதப்பட்ட ஒருதலைப் படுகொலையைப் போர் என்று எப்படி அழைப்பது என்றுதான் கேட்டார். இதை ஏற்கிறேன். ஆனால் பிம்பத்தின் மேலேயே கண் நிலைத்துவிட்டால் 1991 பிப்ரவரி 13இல் பாக்தாதின் அமிரியா பதுங்குமிடத்தில் எரிந்துபோன 400க்கு மேற்பட்டவர்களைப் பற்றி எந்த மொழியில் பேசுவது? திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவனுக்குத்தான் போர் திரையில் நடக்கிறது.

4

இப்போது நம் பக்கம் திரும்புவோம். இது கசக்கும்.

1960களின் கடைசியில் கல்கத்தா வீதிகளில் 'உன் பெயர் வியட்நாம், என் பெயர் வியட்நாம்' என்ற முழக்கம் கேட்டது. 1968இல் மக்நமாரா உலக வங்கித் தலைவராக அங்கே வந்தபோது நகரமே கொந்தளித்தது. நம் முற்போக்கு மேடைகளும் பத்திரிகைகளும் அதே உணர்ச்சியில் எழுதின. அந்த ஒருமைப்பாட்டை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் வியட்நாம் எல்லோருடைய பெயராகவும் ஆனபோது அங்கே வாழ்ந்தவர்களுக்குச் சொந்தப் பெயர் மிச்சமிருந்ததா? நாமும் ஒரு சிவப்பு அணியைத்தான் வரைந்தோம். அவர்களுடையதில் சிவப்பு தோற்க வேண்டும், நம்முடையதில் ஜெயிக்க வேண்டும். இரண்டிலும் அதற்குப் பயப்பட உரிமை கிடையாது, தனக்குள்ளேயே சண்டை போட்டுக்கொள்ள உரிமை கிடையாது, தப்புப் பண்ண உரிமை கிடையாது.

அதனால்தான் 1978 டிசம்பரில் வியட்நாம் படை கம்போடியாவுக்குள் நுழைந்தபோதும், 1979 பிப்ரவரியில் சீனா வியட்நாமைத் தாக்கியபோதும் நம்மில் பலருக்குச் சொல் வரவில்லை. போல் பாட்டின் கொலைக்களத்தை முடித்து வைத்த அதே படை 1989 வரை கம்போடியாவில் தங்கியது. சீனாவுக்கு முன்னால் சிறிய நாடாக இருந்தது கம்போடியாவுக்கு முன்னால் பெரிய நாடாக இருந்தது. 'சிறிய நாடு' என்பது ஒரு நாட்டின் சுபாவம் என்று நினைத்ததால் வந்த குழப்பம் இது. அது ஓர் உறவு. உறவு மாறினால் பெயரும் மாறும்.

5

கி.மு. 416இல் ஏதென்ஸ் மெலோஸ் என்ற சின்னத் தீவைப் பணியச் சொன்னது. துசிடிடெஸ் அதை ஒரு வாதப் பிரதிவாதமாக எழுதி வைத்திருக்கிறார். மெலோஸ் பணியவில்லை. வயதுவந்த ஆண்கள் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். மெலோஸ்காரர்களின் வாதத்தையும் நமக்குச் சொல்பவர் ஓர் ஏதென்ஸ்காரர்தான். அடுத்த ஆண்டு அதே நகரத்தின் அரங்கில் யூரிபிடிஸின் 'டிராய் நாட்டுப் பெண்கள்' நாடகம் நடந்தது. மெலோஸை நினைத்துத்தான் எழுதினாரா என்பது அறிஞர்களிடையே விவாதம். ஆனால் அவர் செய்த காரியம் தெளிவாக இருக்கிறது: ஜெயித்தவர்களின் கூட்டத்துக்கு முன்னால் தோற்றவர்களின் பெண்களைப் பேச வைத்தார். அவரும் அந்தப் பெண்களில் ஒருவர் அல்ல. ஆனாலும் எண்ணிக்கையாகப் போயிருக்க வேண்டியவர்களுக்கு நாக்கு கொடுத்தார்.

இன்றைக்கும் இந்தப் பிரதிகள் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. 2023 ஜனவரியில் வாஷிங்டனின் ஓர் ஆய்வு நிறுவனம், சீனா 2026இல் தைவான் மீது படையெடுத்தால் என்ன ஆகும் என்பதை 24 முறை ஆடிப் பார்த்து அறிக்கை வெளியிட்டது. பெரும்பாலான ஆட்டங்களில் படையெடுப்பு தோற்கிறது. அமெரிக்காவும் விமானந்தாங்கிக் கப்பல்களை இழக்கிறது. தைவானில் சுமார் 2.3 கோடிப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் தலைக்கு மேலே ஒரு வல்லரசு படையெடுப்பை எழுதுகிறது, இன்னொரு வல்லரசு பாதுகாப்பை எழுதுகிறது.

இத்தகைய அறிக்கை பத்திரிகையில் வரும்போது தோழர்கள் சில கேள்விகளையாவது கேட்க வேண்டும். இந்த ஆட்டத்தில் நடுவர் யார், அவருக்குச் சம்பளம் கொடுப்பது யார்? சிறிய நாட்டின் இடத்தில் உட்கார்ந்து ஆடியது எந்த ஊர்க்காரர்? செத்தவர்களில் யாரை எண்ணினார்கள், யாரை விட்டார்கள்? எழுதுகிறவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. நம் கவிதையில், நம் மேடையில், நம் சுவரொட்டியில் அந்த நாடு வருகிறபோது அங்கே ஒரு மோட்டார் சைக்கிள்காரன் இருக்கிறானா, அல்லது வெறும் சிவப்பு மட்டும்தானா?