பந்திக்கு எத்தனை பெயர்

ஒரே ஊரில், ஒரே ஞாயிற்றுக்கிழமை, ஒரே அப்பத்துக்கு நான்கு பெயர் காதில் விழும். கத்தோலிக்க வீட்டுப் பாட்டி, "பூசையில நன்மை வாங்கினியா?" என்று பேரனைக் கேட்பார். அடுத்த தெரு சி.எஸ்.ஐ. ஆலயத்தில் அன்றைக்குத் திருவிருந்து. பழைய ஆட்கள் அதையே இராப்போஜனம் என்பார்கள். ஆராதனை காலை எட்டு மணிக்கு நடந்தாலும் பெயர் இராப்போஜனம்தான். சகோதரர் சபையார் அப்பம் பிட்கக் கூடுகிறார்கள். வேதம், விசுவாசம், பந்தி இந்த மூன்றில் எது எதைத் தாங்குகிறது என்பது பழைய வழக்கு. ஒவ்வொரு சபையும் சொன்ன தீர்ப்பு அதன் வாய்ப்பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கத்தோலிக்கர் சொல்லும் திருப்பலி என்ற பெயரில் பலி முன்னே நிற்கிறது. குரு கிறிஸ்துவின் வார்த்தைகளைச் சொன்னதும் அப்பத்தின் உட்பொருள் மாறிவிடுகிறது, நிறமும் ருசியும் மட்டும் அப்படியே இருக்கின்றன என்று 1551-இல் திரெந்து சங்கம் உறுதி செய்தது. வாங்குகிறவரின் விசுவாசம் அந்த மாற்றத்தை உண்டாக்குவதில்லை. அதன் பலனை அவருக்குச் சேர்க்கிறது. இந்த மரபில் வேதம் நெடுநாள் லத்தீனில் ஒதுங்கியிருந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் இறைவார்த்தையையும் ஆண்டவரின் உடலையும் ஒரே மேசையில் வைத்துப் பேசியது. அதன்பின் ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுற்றாக அமைந்தன. ஒழுங்கு இன்றும் கறாரானது: சாவான பாவம் இருந்தால் முதலில் பாவசங்கீர்த்தனம், நன்மை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து உபவாசம். ஒரு காலத்தில் நள்ளிரவிலிருந்தே வாயில் எதுவும் படக்கூடாது.

சீர்திருத்தக்காரர்கள் ரோமோடு மட்டும் பிணங்கவில்லை, தங்களுக்குள்ளும் பிணங்கினார்கள். 1529 அக்டோபரில் ஜெர்மனியின் மார்பர்க் கோட்டையில் லூத்தரும் சுவிங்லியும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பதினைந்து விஷயங்களில் பதினான்கில் ஒத்துப்போனார்கள். உடைந்தது இந்தப் பந்தியில்தான். லூத்தர் சாக்குக்கட்டியை எடுத்து, இது என் சரீரம் என்ற வசனத்தை லத்தீனில் மேசையிலேயே எழுதிவிட்டார். 'இது' என்றால் இதுதான், வேதம் சொல்லிவிட்டது, கணக்குப் பார்க்க நாம் யார் என்பது அவர் கட்சி. சுவிங்லி யோவான் ஆறாம் அதிகாரத்தைப் புரட்டி, மாம்சம் உதவாது, ஆவிதான் உயிர்ப்பிக்கும், ஆகையால் இது நினைவுகூருதல் என்றார். இருவர் கையிலும் இருந்தது ஒரே வேதம். வேதம் மட்டும் போதும் என்று சொல்லுகிறவர்கள் அந்த மேசையை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது. கால்வின் பிறகு வந்து, ஆவியானவராலே விசுவாசி கிறிஸ்துவை மெய்யாகவே உண்கிறான் என்று நடுவழி சொன்னார்.

லூத்தரின் கட்சி 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடிக் கரையில் இறங்கியது. அப்படி வந்த மிஷனெரி சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1715-க்குள் அச்சில் முடித்தார். இவர் அப்பத்தோடு புத்தகத்தையும் சேர்த்தே கொடுத்தார் என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். கேட்டறிந்து விசுவாசித்தவன் பந்திக்கு வரட்டும் என்பது அந்தச் சபையின் அளவுகோல். ஞானோபதேசம் படித்துத் திடப்படுத்தல் பெற்றபின் முதல் பந்தி என்ற ஒழுங்கு நம் சபைகளில் வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அளவுகோல் எழுதப்பட்டிருந்தது, ஆனால் பந்தியில் சாதி உட்கார்ந்துகொண்டது. தனித்தனி இருக்கை, முந்தி யார் பிந்தி யார் என்ற வரிசை. 1833-இல் கல்கத்தா பேராயர் டானியேல் வில்சன் இது உடனே ஒழியவேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையையே விட்டுப் போனார்கள். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் சாதி வழக்கத்தை ஆதரித்து நின்றார். அவர் பாடல்களை இன்றும் மனமுருகிப் பாடுகிறோம். இதையும் மறைக்காமல் எழுதத்தான் வேண்டும்.

1888-இல் லாம்பெத்தில் ஆங்கிலிக்கன் பேராயர்கள் சபை ஐக்கியத்துக்கு நான்கு தூண் நாட்டினார்கள்: வேதாகமம், விசுவாசப் பிரமாணம், ஞானஸ்நானமும் திருவிருந்தும், பேராயத்துவம். அந்த வரிசையை அடித்தளமாக வைத்துப் பல சபைகள் பேசிப் பேசி, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபையாக (சி.எஸ்.ஐ.) இணைந்தன. 1950-இல் வந்த அதன் திருவிருந்து முறையில் ஆயர் மேசைக்குப் பின்னால் நின்று சபையைப் பார்க்கிறார். சமாதானம் கைமாறிக் கைமாறிக் கடைசி வரிசை வரை போகிறது. பீடத்துக்கு முன் முழங்காலிட்டு, இடது உள்ளங்கைமேல் வலது கையைக் குறுக்காக வைத்து நீட்டும்போது, பக்கத்துக் கை யாருடையது என்று பார்க்க நேரமில்லை. காசளவு அப்பம் நாக்கில் ஒட்டிக்கொள்கிறது. கிராமங்களில் உலர்திராட்சையை ஊறவைத்து வீட்டிலேயே காய்ச்சி வடித்த ரசத்தில் லேசாகப் புகைவாடைகூட இருக்கும்.

பந்தியே இல்லாத சபையும் உண்டு. நாகர்கோவில் பக்கம் நன்கு தெரிந்த இரட்சணிய சேனை 1883 முதல் திருவிருந்து அனுசரிப்பதில்லை. வாழ்க்கை முழுவதும் பந்திதான் என்பது அவர்கள் வாதம். ஒத்துக்கொள்ளாவிட்டாலும், அவர்கள் ஆஸ்பத்திரிகளைப் பார்த்தபின் வாதாடத் தோன்றாது.

இத்தனை மரபுகளும் ஓடிவந்து நிற்கும் இடம் 1 கொரிந்தியர் 11. நம் ஆராதனை முறைகள் அதை 23-ஆம் வசனத்தில், காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில் எடுக்கின்றன. அதற்கு முந்திய ஆறு வசனங்களில்தான் பவுல் சண்டை போடுகிறார்: ஒருவன் பசியோடிருக்க இன்னொருவன் முந்திச் சாப்பிட்டு வெறித்திருந்தான், இல்லாதவன் வெட்கப்பட்டான் என்கிறார். அபாத்திரமாய்ப் புசிப்பது என்று பின்னால் வரும் கடுஞ்சொல் அந்தச் சண்டையிலிருந்து வருகிறது. அடுத்த திருவிருந்துக்கு முந்திய சனிக்கிழமை இரவு, வீட்டில் வேதத்தைத் திறக்கும்போது 17-ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள்.