சுவரில் பயின்ற மலைகள்

திருவனந்தபுரத்து அருங்காட்சியகத் தோட்டத்துக்குள் நுழைகிறவர்கள், சென்னை செனட் மண்டபத்தை நிர்மாணித்த அதே ராபர்ட் சிசோமின் கற்பனையில் உருவாகி 1880-ல் பூர்த்தியான நேப்பியர் மாளிகையின் கூரை விசித்திரங்களையும் வர்ணப் பட்டைகளையும் அண்ணாந்து பார்த்துவிட்டு, குழந்தைகளை மிருகக்காட்சிசாலைக்கு அழைத்துக்கொண்டு போய்விடுவதே வழக்கமாக இருக்கிறது. அவர்கள் இன்னும் சில அடி தூரம் நடந்தால், சித்திரைத் திருநாள் மகாராஜாவின் ஆதரவாலும் ஐரிஷ் கவிஞரும் கலை விமர்சகருமான ஜேம்ஸ் கஸின்ஸின் உழைப்பாலும் 1935-ல் திறக்கப்பெற்ற ஸ்ரீ சித்ரா சித்திரசாலையை அடைவார்கள். ரவிவர்மாவின் பெயரைச் சொல்லித்தான் அந்தச் சாலை உலகப் பிரசித்தி பெற்றது. என்றாலும் தஞ்சாவூர்ப் படங்களையும் மொகலாய, ராஜபுத்திர நுண்சித்திரங்களையும் சீன, ஜப்பானிய வேலைப்பாடுகளையும் தாண்டி நான் தேடிப் போவது, ருஷ்யாவிலிருந்து வந்து இமயத்தின் அடிவாரத்தில் குடியேறிய நிகோலஸ் ரோரிக்கும் அவர் குமாரர் ஸ்வெதோஸ்லாவும் தீட்டிய சித்திரங்களையே.

ரோரிக்கின் மலைகளை முதன்முறை பார்க்கிறவர்களுக்கு ஓர் ஏமாற்றம் தோன்றுவது இயல்பு. எண்ணெய் வர்ணத்தின் மினுமினுப்பு அங்கே இல்லை. எண்ணெய் காலப்போக்கில் கறுத்துவிடும் என்ற கருத்துடைய அவர், தம் நடுவயது தொடங்கிப் பெரும்பாலும் டெம்பரா முறையையே கைக்கொண்டார். முட்டைக் கருவோ வஜ்ஜிரமோ போன்ற பசைப்பொருளில் குழைத்த வர்ணம் அது, பூசியவுடனே உலர்ந்துவிடும், ஈரமான வர்ணத்தை ஈரமான வர்ணத்தோடு இழைத்து மழுப்புவதற்கு அது இடம் கொடுப்பதில்லை. ஆகையால் சித்திரக்காரன் ஒவ்வொரு நிறத்துக்கும் அதன் எல்லையை முன்கூட்டியே நிச்சயித்துக்கொண்டு கை வைக்கவேண்டும். கிட்டே போய்ப் பாருங்கள்: நீலத்தின்மேல் ஊதா, ஊதாவின்மேல் வெளிறிய இளஞ்சிவப்பு என்று அடுக்கடுக்காக வைக்கப்பட்ட பரப்புகளின் விளிம்பில், அடியிலே முதலில் பூசிய நிறம் மெல்லிய கோடாக எஞ்சி நிற்கும். பத்தடி பின்வாங்கினால் அந்தக் கோடுகளே விடியற்காலத்துச் சிகரத்தின் ஒளியாக மாறிவிடுகின்றன. ஒளியைத் தனியாகத் தீட்டாமல், இரண்டு நிறங்களுக்கு இடையே அதைத் தங்கவைத்த இந்த சாமர்த்தியத்தை நான் வேறு எந்த மலைச் சித்திரக்காரரிடமும் இவ்வளவு பூரணமாகக் கண்டதில்லை.

இந்தக் கட்டுப்பாட்டை அவர் எங்கே கற்றார் என்பது நெடுங்காலம் என் மனத்தை அரித்துக்கொண்டிருந்த கேள்வி. 1874-ல் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்த ரோரிக், 1903, 1904 ஆகிய இரண்டு ஆண்டுகளில் தம் மனைவி ஹெலினாவோடு பழைய ருஷ்ய நகரங்களையெல்லாம் சுற்றி வந்தார். யாரொஸ்லாவ்ல், ரொஸ்தோவ், சுஸ்தால், ஸ்மொலென்ஸ்க், ப்ஸ்கோவ், இஸ்போர்ஸ்க் என்று ஊர் ஊராகச் சென்று, மாதா கோயில்களையும் கோட்டைச் சுவர்களையும் காவற்கோபுரங்களையும் வர்ணத்தில் பதிவு செய்தார். மனிதர்களே இல்லாத, சுவர்களும் ஆகாயமும் மாத்திரமே உள்ள சித்திரங்கள் அவை. இமயத்தை அவர் காண்பதற்கு இருபது ஆண்டுகள் முந்தியே, பெரிய கனத்தை எப்படி ஆகாயத்தின்கீழ் நிறுத்துவது என்பதை அந்த வெள்ளைச் சுவர்கள் அவருக்குக் கற்பித்துவிட்டன என்பது என் துணிபு.

இந்தத் துணிபை நேரில் சோதித்துக்கொள்ளும் பாக்கியம் எனக்கு என் தமக்கையாரோடு கிடைத்தது. பீட்டர்ஸ்பர்க், நோவ்கொரோத், ப்ஸ்கோவ், மாஸ்கோ என்று நாங்கள் இருவரும் பிரயாணம் செய்தது ஈஸ்டருக்கு முந்திய நோன்புக் காலம். மாமிசம் தொடாத எங்களுக்கு அது பெரிய சகாயமாயிற்று. அந்த வாரங்களில் மாமிசமும் பாலும் முட்டையும் விலக்கிய நோன்புப் பதார்த்தங்களுக்கென்று உணவுவிடுதிகளில் தனிப் பட்டியலே வைக்கிறார்கள். வறுத்த காளான் சேர்த்த கூலக்கோதுமைச் சோறு, முட்டைக்கோஸ் பூரணம் வைத்த பீரோகி, இறைச்சி கலவாத செங்கிழங்குச் சாறு, உப்பில் ஊறிய வெள்ளரிப்பிஞ்சு, கறுப்பு ரை ரொட்டி, அந்த ரொட்டியையே புளிக்கவைத்து இறக்கிய குவாஸ் பானம் என்று ஒவ்வொரு ஊரிலும் அக்கா ஒன்றைக் கண்டுபிடித்துவிடுவார். நோன்பின் கட்டுக்கு அடங்காத பிலினியைப் பீட்டர்ஸ்பர்க்கில் சாப்பிட்டோம். புளித்த மாவைக் கல்லில் மெல்லிதாக ஊற்றிச் சுட்டு, புளித்த பாலேடு தடவித் தருவார்கள். அக்கா கேள்வி கேட்காமல் இரண்டாவது தட்டு வாங்கினார்.

ஆனால் பிரயாணத்தின் சிகரம் ப்ஸ்கோவ்தான். வெலிகாயா நதியும் ப்ஸ்கோவா நதியும் கூடுமிடத்தில் கோட்டை நிற்கிறது. அதைச் சுற்றிலும் சிறிய சிறிய கோயில்கள். உள்ளூர்ச் சுண்ணாம்புக் கல்லைப் பலகை பலகையாக அடுக்கிக் கட்டி, மேலே சுண்ணம் அடித்திருப்பதால், எந்தச் சுவரும் நூல் பிடித்தாற்போல் இராமல் மெல்ல ஏறி இறங்குகிறது. அக்கா ஒரு சுவரில் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, “கையாலேயே பூசின சுவர் தம்பி, நம்ம பாட்டி வீட்டுக் கொல்லைச் சுவர் மாதிரியே இருக்கு” என்றார். அந்த ஏற்ற இறக்கத்தில் சாய்வெயில் விழுந்தபோது ஒரே வெண்மை நீலமாகவும் ரோஜாவாகவும் பிரிந்தது. திருவனந்தபுரத்தில் நான் பார்த்துப் பழகிய மலைச் சரிவுகள் எனக்கு அந்த நிமிஷமே புரிந்தன. 1897-ல் சித்திர சேகரிப்பாளர் பாவெல் த்ரெத்யகோவ் தாமே விலைக்கு வாங்கிய ரோரிக்கின் ‘தூதன்’ என்ற படத்தை மாஸ்கோவில் அப்புறம் பார்த்தோம். இரவு, நதி, ஓடம், இரண்டு உருவங்கள். அது நல்ல படம். ஆனாலும் சுவர்களைப் பார்ப்பதற்கு முந்திய கை அது. கனம் இன்னும் வரவில்லை.

உடன்பிறந்தவர்கள் சேர்ந்து பிரயாணம் செய்வதன் பயனைச் சொல்ல இதைவிடப் பெரிய உதாரணம் திருவனந்தபுரத்து அந்தத் தோட்டத்திலேயே இருக்கிறது. 1848-ல் கிளிமானூரில் பிறந்த ரவிவர்மா, தைல வர்ணத்தின் ரகசியத்தை அரண்மனைச் சித்திரக்காரரான மதுரை ராமசாமி நாயக்கர் கற்றுத்தர மறுத்தபோது அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளையிடம் மறைவாகக் கற்றார் என்பது பரம்பரையாக வழங்கும் செய்தி. அவருக்குப் பன்னிரண்டு வயது இளையவரான தம்பி ராஜராஜவர்மா, பரோடா, மைசூர், உதயப்பூர், ஹைதராபாத் என்று அண்ணன் போன இடமெல்லாம் உடன் போனார். ஆங்கிலத்தில் தினக்குறிப்பு எழுதினார். அண்ணனின் பல படங்களில் பின்னணியைத் தீட்டினார். இயற்கைக் காட்சியில் தம்பியின் கை அண்ணனுடையதைவிட நயமானது என்பதை ரசிகர்கள் இன்னும் போதிய அளவு சொல்லவில்லை. தங்கை மங்களாபாயும் தூரிகை பிடித்தவர்; அவர் தீட்டிய அண்ணனின் உருவப்படத்தில் உள்ள நெருக்கம் வெளியார் எவர்க்கும் கைகூடாதது. 1905 ஜனவரியில் தம்பி இறந்தார். மறு ஆண்டு அக்டோபரில் அண்ணனும் போய்விட்டார்.

ரோரிக்கின் பிள்ளைகள் இருவரும் வெவ்வேறு திசையில் வளர்ந்தார்கள். 1925 முதல் 1928 வரை நடந்த மத்திய ஆசியப் பிரயாணத்தில் தந்தையோடு சென்ற மூத்தவர் ஜார்ஜ், திபெத்திய மொழி வல்லுநராகி, 1957-ல் தாய்நாடு திரும்பினார். இளையவர் ஸ்வெதோஸ்லாவ் தூரிகையைப் பற்றிக்கொண்டு, 1945-ல் நடிகை தேவிகாராணியை மணந்து, பெங்களூரில் வாழ்ந்து 1993-ல் மறைந்தார். அவருடைய நிறங்கள் தந்தையுடையவற்றைவிடச் சூடானவை. மனிதர்கள் பெரியவர்கள், மலை அவர்களுக்குப் பின்னால்தான் நிற்கும். அக்காவுக்கு மகனைத்தான் பிடிக்கும். முகம் இல்லாத படத்தின்முன் எவ்வளவு நேரம் நிற்பது என்பது அவர் வாதம். மனிதனை ஒரு புள்ளியாக்கி மலைக்குத் தன் முழுக் கனத்தையும் கொடுத்த தந்தையின் பக்கமே நான்.

பார்க்கும் வரிசையிலும் எங்களுக்குள் பேதம் உண்டு. 1899-ல் ரவிவர்மா தீட்டிய அன்னத்தூது தமயந்தியின் சிவப்புச் சேலை மினுக்கத்தில் கண் ஒருமுறை தோய்ந்துவிட்டால், ரோரிக்கின் பளபளப்பற்ற நீலம் அதன்பின் மங்கியதாகவே படும். ஆகையால் டெம்பராவை முதலிலும், 2023-ல் அதே வளாகத்தில் ரவிவர்மாவுக்கென்று திறக்கப்பட்ட புதிய மாளிகையைப் பிறகும் பார்ப்பதே முறை என்பேன். தமயந்தியைப் பார்த்த மனமே எதையும் நிதானமாகப் பார்க்கும் என்பார் அக்கா. இரண்டையும் முடித்துக்கொண்டு, இந்த ஊர் வழக்கப்படி போளியைப் பால்பாயசத்தில் பிசைந்து சாப்பிடும் வரையில் இந்த விவாதம் நீளும். போகிறவர்கள் காலையிலேயே போகட்டும். திங்கட்கிழமை சித்திரசாலைக்கு விடுமுறை.