கையும் காலும் பழகிய பிறகு

தமிழ்நாட்டில் கார் ஓட்டப் பழகுவதற்கு எல்லோரும் போகிற பாதை ஒன்றுதான். எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் உரிமம் போட வேண்டும், பக்கத்து டிரைவிங் ஸ்கூலில் பணம் கட்ட வேண்டும், காலையில் அரை மணி நேரம் வீதம் மூன்று வாரம் போய்வர வேண்டும். முப்பது நாள் கழிந்ததும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் ஓட்டிக் காட்டினால் லைசென்ஸ். பைக்குக்கு இவ்வளவுகூட இல்லை. அண்ணனோ சித்தப்பாவோ பின்னால் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார். சோதனையில் எட்டு வடிவத்தில் வளைத்து ஓட்டும் 'எட்டு' போடுவதற்கு மட்டும் தனியாகச் சில நாள் பழகிக்கொண்டால் போதும். இந்த ஏற்பாட்டைத் திட்டுவது எளிது. புரோக்கர், கவனிப்பு என்று ஆரம்பித்தால் கட்டுரை அதிலேயே முடிந்துவிடும். அதனால் அதை ஒதுக்கிவிட்டு, பள்ளி ஒழுங்காக நடந்து சோதனையும் விதிப்படி நடந்தால் இந்த முறை எதைக் கற்றுத்தருகிறது என்று மட்டும் பார்க்கலாம். என் கணிப்பில் அது கைகாலைப் பழக்குகிறது, கண்ணை அப்படியே விட்டுவிடுகிறது. கண் பழக வேண்டிய மாதங்கள் தொடங்கும்போதோ, லைசென்ஸைக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

கைகாலைப் பழக்குவது சின்ன வேலையில்லை. கிளட்ச்சை எங்கே விட்டால் வண்டி நகரும் என்று தேடிக்கொண்டிருப்பவருக்கு எதிரே வரும் சைக்கிள் கண்ணில் பட்டாலும் மனதில் படாது. மேம்பாலத்து ஏற்றத்தில் ஹாஃப் கிளட்ச்சில் பிடித்து, பின்னால் உருளாமல் வண்டியை எடுப்பது யோசிக்காமலே வருகிறவரைக்கும் சாலையைக் கவனிக்க அவரிடம் மிச்சம் எதுவும் இருக்காது. இன்ஸ்ட்ரக்டரின் காலடியில் இன்னொரு கிளட்ச்சும் பிரேக்கும் இருப்பதால் அந்தக் கட்டத்தைப் பெரும்பாலோர் சேதமில்லாமல் கடந்துவிடுகிறார்கள். ஊரே கிண்டல் செய்யும் 'எட்டு'வும் அப்படி ஒன்றும் வீண் வித்தையில்லை. முதல் கியரில், கால் ஊன்றாமல், ஆக்சிலேட்டரையும் பின் பிரேக்கையும் வைத்தே சமநிலையைக் காப்பாற்றுவது காய்கறி மார்க்கெட் வாசலில் தினமும் தேவைப்படுகிற திறமை. அதோடு, முன் சக்கரத்தைக் குனிந்து பார்த்தால் எட்டு வராது. அடுத்து எங்கே திரும்ப வேண்டுமோ அங்கே தலையைத் திருப்பினால்தான் வண்டி தானாக வளையும். பார்வையைப் பற்றிய அருமையான பாடம் ஒன்று அதற்குள்ளேயே இருக்கிறது. சொல்லிக்கொடுப்பவரின் வாயில் வருவதோ 'காலை ஊன்றாதே' மட்டும்தான்.

சட்டம் இந்த விஷயத்தில் நடைமுறையைவிட விவரமானது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஓட்டுநர் சோதனை பற்றிச் சொல்லும் 15-ஆம் விதி, கண்ணாடியைச் சரிசெய்வது, சிக்னல் காட்டுவது, முந்துவது என்று நீண்டுகொண்டே போகிறது. பாதசாரிகளும் மற்ற ஓட்டுநர்களும் அடுத்து என்ன செய்யக்கூடும் என்று முன்கூட்டியே ஊகித்து நடந்துகொள்ளத் தெரிகிறதா என்றும் பார்க்கச் சொல்கிறது. பாதசாரியே இல்லாத மைதானத்தில் இதை எப்படிச் சோதிப்பது? உயிரைக் காப்பாற்றும் பழக்கங்களில் பெரும்பகுதி இந்த ஊகத்தில்தான் இருக்கிறது. ஷேர் ஆட்டோவுக்கு முன்னால் ஓரத்தில் ஒருவர் கையைத் தூக்குகிறார். பின்னால் வருகிறவர் அந்தக் கையைப் பார்த்துவிட்டால் போதும், ஆட்டோவின் பிரேக் விளக்கு எரியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நின்றிருக்கும் பஸ்ஸுக்கு அடியில், சக்கரங்களுக்கு நடுவே இரண்டு கால்கள் தெரிந்தால் அடுத்த கணம் ஒருவர் குறுக்கே வரப்போகிறார். புதியவர்களின் கண் இவற்றை ஏன் தவறவிடுகிறது என்பது 1972-இலேயே ஆராயப்பட்டது. அமெரிக்காவில் மௌரண்ட், ராக்வெல் என்ற ஆய்வாளர்கள் ஓட்டுநர்களின் கண்ணசைவைப் பதிவுசெய்து பார்த்ததில், புதியவர்கள் வண்டிக்குப் பக்கத்துத் தரையையே அதிகம் பார்த்தார்கள், பின்பார்வைக் கண்ணாடியை அரிதாகவே பார்த்தார்கள். பிரிட்டன் 2002 முதல் எழுத்துத் தேர்வோடு வீடியோக் காட்சிகளையும் காட்டி, ஆபத்து உருவாகத் தொடங்குவதை எவ்வளவு சீக்கிரம் கண்டுகொள்கிறார்கள் என்று அளக்கிறது. நம் எல்.எல்.ஆர். தேர்வு இன்னமும் முக்கோணத்துக்குள் இருக்கும் படம் எதைக் குறிக்கிறது என்று கேட்டுக்கொண்டிருக்கிறது.

வேகத்தின் கதை இன்னும் மோசம். ஸ்கூல் கார் பெரும்பாலும் முப்பது, நாற்பதைத் தாண்டுவதில்லை. இரவில் போவதில்லை, மழையில் போவதில்லை, ஹைவேயில் ஏறுவதில்லை. லைசென்ஸ் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே குடும்பத்தோடு இ.சி.ஆர். ரோட்டில் எண்பதில் போகிறவருக்கு, அந்த வேகத்தில் என்ன மாறுகிறது என்று யாரும் சொல்லித் தந்திருப்பதில்லை. கணக்கு கடினமானதல்ல. உலர்ந்த சாலையில் அறுபதில் போகும் கார், ஓட்டுநர் சுதாரிக்க எடுக்கும் ஒன்றரை விநாடியையும் சேர்த்து ஏறத்தாழ 45 மீட்டரில் நிற்கும். எண்பதில் அதற்கு 68 மீட்டர் தேவை. வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது, நிற்கும் தூரம் பாதிக்குப் பாதி கூடிவிட்டது. முன்வண்டிக்கும் நமக்கும் மூன்று விநாடி இடைவெளி விடு என்று சொன்னால், 'நம்ம ஊரில் இடைவெளி விட்டால் ஒருத்தன் நுழைவான்' என்று பதில் வரும். நுழையத்தான் செய்வான். இன்னும் கொஞ்சம் பின்வாங்க வேண்டியதுதான். ஒரு மணி நேரத்தில் இருபது பேர் நுழைந்து ஒவ்வொருவருக்கும் மூன்று விநாடி விட்டுக்கொடுத்தாலும் இழப்பு ஒரே ஒரு நிமிடம். உண்மையில் இது நேரத்தைப் பற்றிய புகார் இல்லை, மானத்தைப் பற்றியது. அதையும் ஸ்கூலில் பேசித் தீர்த்திருக்க வேண்டும்.

அப்படியானால் பயிற்சி நேரத்தைக் கூட்டிவிடலாமே? அரசின் எண்ணமும் அதுதான். பழைய விதி சொந்த வாகன ஓட்டுநருக்குக் கேட்பது 21 நாளும் பத்து மணி நேர ஓட்டமும். 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி மையங்களில் 29 மணி நேரப் பயிற்சி, அதில் தேறினால் ஆர்.டி.ஓ. சோதனையே கிடையாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உலக அனுபவம் இந்த நம்பிக்கைக்கு அவ்வளவு ஆதரவாக இல்லை. அமெரிக்காவின் டிகால்ப் கவுன்ட்டியில் பதினாறாயிரம் பள்ளி மாணவர்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வில், விரிவான பயிற்சி பெற்றவர்களின் விபத்துகள் நீடித்த அளவில் குறையவில்லை. நார்வேயில் வழுக்கும் சாலையில் வண்டியைக் கட்டுப்படுத்தச் சொல்லிக்கொடுத்த பிறகு, இளைஞர்களிடையே அத்தகைய விபத்து கூடியது. சமாளித்துவிடலாம் என்ற தைரியம் திறமையை முந்திக்கொண்டது. பயிற்சியே வேண்டாம் என்று இதைப் படிக்கக் கூடாது. வண்டியை அடக்கும் வித்தையையே மேலும் மேலும் ஊட்டினால் ஜாக்கிரதை வளராது என்றுதான் படிக்க வேண்டும்.

வேறொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. ஓட்டுநரையே குறைசொல்வது சாலை போட்டவர்களைத் தப்பவிடும் தந்திரம் என்பார்கள். 2022-இல் நாடு முழுவதும் 4,61,312 விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். விபத்து எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105. இறப்புகளில் எழுபது சதவீதத்துக்கு மேல் அதிவேகம் என்ற தலைப்பில் பதிவாகியிருக்கின்றன. அந்த எழுபதை நானும் முழுதாக நம்புவதில்லை. விளக்கில்லாத வளைவும், முன்னறிவிப்பில்லாத வேகத்தடையும், நடைபாதையை விழுங்கிய கடையும் காவல் நிலையப் பதிவில் 'அதிவேகம்' என்ற வசதியான கட்டத்துக்குள் போய்விடலாம். சாலையைத் திருத்த வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் அது திருந்தும்வரை மோசமான சாலையில்தான் ஓட்டப்போகிறோம். அங்கே கணிக்கும் கண் கூடுதலாகவே தேவை. மோசமான சாலை என் வாதத்தைத் தள்ளுபடி செய்யவில்லை, அவசரப்படுத்துகிறது.

எனவே நான் பார்க்கும் ஓட்டை லைசென்ஸுக்கு முந்திய முப்பது நாளில் இல்லை, பிந்திய ஓராண்டில் இருக்கிறது. தனியாக ஓட்டத் தொடங்கும் முதல் சில மாதங்களில்தான் விபத்து அபாயம் உச்சத்தில் இருக்கிறது, பிறகு வேகமாக இறங்குகிறது. பல நாட்டு ஆய்வுகள் இதில் ஒத்துப்போகின்றன. நியூசிலாந்து 1987-இலேயே லைசென்ஸைப் படிப்படியாகக் கொடுக்கத் தொடங்கியது: இடைக்கட்டத்தில் இருப்பவர் இரவு பத்து மணிக்குமேல் தனியாக ஓட்டக் கூடாது, விருப்பம்போல் ஆளேற்றவும் கூடாது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 25 வயதுக்கு உட்பட்ட பழகுநர், அனுபவசாலி பக்கத்தில் இருக்க 120 மணி நேரம் ஓட்டிப் பதிவேட்டில் குறித்துக் காட்ட வேண்டும். நம் சட்டத்தில் எல் போர்டைக் கழற்றிய மறுநாளே இருபது வருட அனுபவசாலியும் நேற்று தேறியவரும் ஒன்று.

இவற்றை அப்படியே பெயர்த்து நடவும் முடியாது. 120 மணி நேரம் என்றால் சொந்தக் காரும், பக்கத்தில் உட்கார நேரமுள்ள அப்பாவும் உள்ள வீட்டுக்கே சாத்தியம். இரவுத் தடை போட்டால் பத்தொன்பது வயதில் சாப்பாடு டெலிவரி செய்கிற பையனின் வருமானத்தில் கைவைத்ததாகிவிடும். ஆளேற்றும் தடைக்கு அப்படியொரு சிக்கல் இல்லை. புதிதாக லைசென்ஸ் வாங்கியவர் முதல் ஆறு மாதம் நண்பர்களைப் பின்சீட்டில் ஏற்றக் கூடாது, வீட்டாருக்கு மட்டும் விலக்கு என்று விதித்தால் யார் பிழைப்பும் கெடாது. போலீஸ் எப்படிப் பிடிப்பார்கள் என்று கேட்கலாம். பைக்கில் மூன்று பேர் போவதையே முழுதாகத் தடுக்க முடியவில்லை என்பது நிஜம்தான். இருந்தும், 'ஏறாதே, எனக்கு இன்னும் ஆறு மாதம் ஆகவில்லை' என்று சொல்ல ஒரு பதினெட்டு வயதுக்காரனுக்குச் சட்டம் ஒரு சாக்கைக் கொடுக்கும். இன்று நண்பர்கள் முன்னால் அவனுக்கு அந்தச் சாக்கும் இல்லை.