பெரிஸ் பியூலரின் நட்பு: ஒரு நோக்கு

ஜோன் ஹியூஸ் எழுதி நெறிப்படுத்தி 1986ஆம் ஆண்டு வெளிவந்த 'பெரிஸ் பியூலர்ஸ் டே ஓப்' என்னும் அமெரிக்கத் திரைப்படம், நோயெனப் பொய்கூறிப் பாடசாலைக்குச் செல்லாது விட்ட மாணவன் ஒருவனின் ஒரு நாட் கதையாகும். சிக்காகோவின் புறநகரொன்றில் வாழும் பெரிஸ், காதலி ஸ்லோனையும் நண்பன் கமரனையும் அழைத்துக்கொண்டு நகரெங்கும் சுற்றி, மாலையில் எவரிடமும் அகப்படாது வீடு திரும்புகிறான். இளைஞர் படங்களின் கதாநாயகருள் இவனளவுக்கு விரும்பப்பட்டவர் சிலரே. கமரனுக்கு ஒரு நல்ல நாளைக் கொடுப்பதே தன் நோக்கமென அவன் கூறுவதைப் பார்வையாளரும் பெரும்பாலும் ஐயமின்றி ஏற்றுக்கொள்கின்றனர். அக்கூற்றைப் படத்தின் காட்சிகளோடு ஒப்புநோக்குதல் அவசியமாகின்றது.

கமரன் வசதிமிக்க வீட்டுப் பிள்ளை. எனினும் அன்பற்ற வீடு அது. தந்தை மூன்றாண்டுகள் செலவிட்டுப் புதுப்பித்த 1961ஆம் ஆண்டுப் பெராரி கார், மகனுக்குக் கிடைக்காத கவனிப்பைப் பெற்றுக் கண்ணாடிச் சுவர்களுக்குள் நிற்கிறது. உடல் நலமில்லையெனப் படுத்திருப்பவனைப் பெரிஸ் தொலைபேசியில் விடாது வற்புறுத்தி வரவழைக்கிறான். அதன்பின் ஸ்லோனைப் பாடசாலையிலிருந்து வெளியே கொண்டுவருவதற்காக, அவளது தந்தையைப் போலக் கமரனைப் பேசவைக்கிறான். கமரன் அதிற் சிறிது தவறிவிட, பெரிஸ் அவனை அடிக்கிறான். கமரன் மனம் நொந்தபோது மன்னிப்பும் கேட்கிறான். ஆனால் அம்மன்னிப்பின் ஈரம் உலரு முன்பே, நிலைமையைச் சரிசெய்ய ஒரு சிறு உதவி வேண்டுமென்கிறான். அச்சிறு உதவிதான் பெராரி. இக்காட்சியைக் கண்டு சிரிக்காதார் இல்லை. எனினும், தான் அடித்த அடியையே அடுத்த கோரிக்கைக்கு வழியாக்கிக்கொள்ளும் அந்தச் சாமர்த்தியம் நட்புக்கு உரியதன்று.

பெரிஸ் கமராவை நோக்கி நேராகப் பேசும் உத்தியும் இங்கு ஆராயத்தக்கது. கமரனின் அச்சங்கள், அவனது மன இறுக்கம், தன்னை மதியாத ஒருத்தியையே அவன் மணக்கப்போகிறான் என்ற கணிப்பு ஆகியவற்றையெல்லாம் பெரிஸ் நன்கறிவான். அறிந்தவற்றைக் கூறுவது பார்வையாளரிடம்; கமரனிடமன்று. நண்பனை முகத்துக்கு முன்னே இடித்துரைப்பது ஒன்று, அவனில்லாத வேளையில் அந்நியரிடம் அவனைப் பற்றிச் சுவைபடப் பேசுவது வேறொன்று. தம்மையும் ஒருவன் அந்தரங்கத்துக்கு உரியவராக்கிக்கொண்டான் என்ற மகிழ்ச்சியிற் பார்வையாளர் இவ்வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. பெரிஸ் என்பவன் கமரனின் கற்பனையே என்றொரு விளக்கமும் இரசிகரிடையே உலவுகிறது. சாதுரியமான விளக்கந்தான், ஆனால் அது வினாவுக்கு விடை கூறாது வினாவையே இல்லாமற் செய்துவிடுகிறது.

சிக்காகோ கலை நிறுவகத்திலே நிகழும் காட்சி படத்தின் மிகச் சிறந்த பகுதி எனலாம். பெரிசும் ஸ்லோனும் மார்க் சகாலின் வண்ணக் கண்ணாடி யன்னல்களின் முன் முத்தமிடுகின்றனர். கமரனோ, ஆற்றுத் தீவொன்றில் ஞாயிறு கழிக்கும் மக்களைப் புள்ளிகளால் தீட்டிய ஜோர்ஜ் சேராவின் ஓவியத்தின் முன் தனித்து நிற்கிறான். ஓவியத்தின் நடுவே நிற்கும் சிறு குழந்தையின் முகமும் கமரனின் முகமும் மாறி மாறி அண்மையில் வருகின்றன. ஈற்றிற் குழந்தையின் முகம் கரைந்து வெறும் புள்ளிகளே எஞ்சுகின்றன. யாருக்காக அந்த நாள் ஒழுங்குசெய்யப்பட்டதோ, அவனுக்கு உண்மையிலே ஏதோ நிகழும் வேளையில் நண்பன் அருகில் இல்லை. ஹியூஸ் இதனை அறியாது படம்பிடித்திருப்பார் என்று கருதமுடியாது.

பெரிசின் அன்பு பொய்யானது என்பது இதன் பொருளன்று. கமரன் நீச்சற் குளத்தின் அடியிற் கிடப்பதைக் கண்டதும் அவன் கணமும் தாமதியாது பாய்கிறான். அப்போது அவன் முகத்திற் காணப்படும் பீதி நடிப்பன்று. பெரிஸ் இல்லையெனிற் கமரன் அன்று முழுவதும் படுக்கையிலேயே கிடந்திருப்பான் என்பதையும் மறுக்கவியலாது. குறை, கமரனின் விருப்பத்தை ஒருபோதும் கேளாது அவனது நன்மையைத் தானே தீர்மானிப்பதிலுள்ளது. அத்தீர்மானத்துக்கு விலை கொடுப்பவனும் பெரிசல்லன்.

அவ்விலை இறுதிப் பகுதியில் வெளிப்படுகிறது. தரிப்பிட ஊழியர்கள் திருட்டுத்தனமாக ஓட்டியதால் பெராரியின் தூரமானி ஏறிவிட்டது. காரை ஜக்கில் உயர்த்திச் சில்லுகளைப் பின்னோக்கிச் சுழலவிட்டால் இலக்கம் குறையுமென்பது பெரிசின் யோசனை, அது பலிக்கவில்லை. மானியைத் திறந்து கையாற் சுழற்றலாமென்கிறான். கமரன் அதனை ஏற்கவில்லை. அடக்கி வைத்த ஆத்திரமெல்லாம் கிளர்ந்தெழக் காரை உதைக்கிறான். கார் ஜக்கிலிருந்து வழுக்கிக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் வீழ்கிறது. பழியைத் தான் ஏற்பதாகப் பெரிஸ் அப்போது கூறுகிறான். நாள் முழுவதிலும் அவன் தன் செலவிற் கொடுக்க முன்வந்தது இதுவொன்றே. கமரன் மறுத்துவிடுகிறான். தந்தையைத் தானே எதிர்கொள்ளப்போவதாகக் கூறும் அவன், அன்று முதன்முறையாக நண்பனின் திட்டத்துக்குப் புறம்பான ஒரு முடிவை எடுத்து அதில் உறுதியாக நிற்கிறான்.

இதற்குப் பின் கமரா கமரனோடு தங்குவதில்லை. அயலவரின் கொல்லைப்புறங்களினூடாக ஓடும் பெரிசையே அது தொடர்கிறது. வாசலில் ரூனியிடம் சிக்கும் அவனை, அதுவரை அவனை வெறுத்த சகோதரி ஜீனி காப்பாற்றுகிறாள். பெற்றோர் வருமுன் அவன் படுக்கையிலிருக்கிறான். கமரனின் தந்தை வீடு திரும்பும் காட்சி படத்தில் இல்லை.