பேசிய கண்ணகி

சிலப்பதிகாரக் கண்ணகியை நம் மக்கள் இரண்டு கோலங்களில் அறிவர். கணவன் பிரிந்த நாளில் வாய்திறவாதிருந்த பொறுமைக் கோலம் ஒன்று. 1968-ஆம் ஆண்டு சென்னைக் கடற்கரையில் சிலையாக நிறுத்தப்பட்ட, சிலம்பேந்திய சினக் கோலம் மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது கண்ணகி ஒருத்தி உண்டு. மேடைப் பேச்சாளர்கள் அவளைப் பெரும்பாலும் கடந்து சென்றுவிடுகின்றனர்.

இக்காப்பியத்தில் அன்புடையார் விலகிப்போவது பெரும்பாலும் கேளாத கேள்வியால்தான். கானல்வரியில் கோவலன் பாடுகிறான். வேறொருத்தியை எண்ணிப் பாடினான் எனக் கருதி, மாதவியும் அக்குறிப்புத் தோன்றவே பாடுகிறாள். யாரை எண்ணிய பாட்டு இது என்று இருவரும் வினவவில்லை. கோவலன் எழுந்து போகிறான். இல்லம் திரும்பியவன், செல்வம் தொலைத்த நாணத்தைச் சொல்கிறான். மனைவி பட்ட துயரைக் கேட்கவில்லை. அவளோ பொருளின்மையே அவன் வருத்தம் என்றெண்ணிச் சிலம்பைக் கொள்ளச் சொல்கிறாள். அவன் திரும்பி வந்துவிட்டான், உண்மைதான். ஆனால் இருவர் உள்ளமும் இன்னும் சந்திக்கவில்லை. வழியிடையே மாதவியின் ஓலையைப் படித்துத் தவறு தன்னுடையதே என உணர்ந்தபோதும், அதை அவன் கண்ணகியிடம் சொன்னதாக இளங்கோ காட்டவில்லை.

மதுரைப் புறத்தே, மாதரி தந்த மனையில்தான் அது நிகழ்கிறது. விரல் சிவக்கக் காய் அரிந்து, கண் சிவக்கச் சமைத்து, வாழையிலையில் உணவு படைக்கிறாள் கண்ணகி. உண்டு முடித்த கோவலன் அவளை அருகழைத்து, தீயோர் கூட்டத்தில் திரிந்ததையும், முதிய பெற்றோருக்குப் பிழை செய்ததையும், அவளுக்கு இழைத்த சிறுமையையும் ஒவ்வொன்றாகச் சொல்கிறான். புறப்படு என்றதும் புறப்பட்டாயே, என்ன காரியம் செய்தாய் என்று கலங்குகிறான்.

கண்ணகி, 'அதெல்லாம் ஒன்றுமில்லை' என்று மழுப்பவில்லை. விருந்தோம்பும் பேற்றை இழந்து நின்றதைச் சொல்கிறாள். தன் நோவை மறைக்க வரவழைத்த புன்னகையைக் கண்டு மாமனும் மாமியும் வருந்தியதைச் சொல்கிறாள். நீர் செய்தது தகாத ஒழுக்கம் என்று நேருக்கு நேர் உரைத்து, அதே மூச்சில், உம் சொல்லை மறுக்க நினையாத வாழ்வுடையேன், ஆதலால் எழுந்தேன் என்கிறாள். தனித்திருந்த இரவுகளைப் பற்றி அவள் வாயில் ஒரு சொல்லேனும் வைத்திருக்கலாமே என்னும் குறை நமக்குண்டு. இல்லறக் கடமைகளை முன்னிறுத்தியது புலவரின் அறநோக்கு. ஆயினும் அந்தப் பொய்ப் புன்னகை ஒன்றே அவ்விரவுகளையெல்லாம் சொல்லிவிடுகிறது.

திருமணத் தயாரிப்பு வகுப்புகளில், வாய்மூடிப் பொறுப்பதே மனைவிக்கு அணி என்று நாமும் பலமுறை பேசியிருக்கிறோம். இக்காதையை மீண்டும் படித்தபின் அவ்வாறு பேச நா எழவில்லை. கணவன் தன் பிழையைத் தானே எடுத்துரைத்த பிறகுதான் அவள் வாய் திறந்தது என்பதையும் நாம் அவ்வகுப்புகளில் சொன்னதில்லை.

அவளைத் தழுவி, ஒரு சிலம்பை எடுத்துக்கொண்டு கோவலன் புறப்படுகிறான். எதிரே காளை ஒன்று பாய வருகிறது. அது தீக்குறி என்றறியாமல் கடைவீதி நோக்கி நடக்கிறான். மணவாழ்வு முழுவதிலும் அவ்விருவரும் மனம் திறந்து பேசியதாக இளங்கோ நமக்குக் காட்டுவது அந்த ஒரு பொழுதைத்தான்.