மருட்கைக்கு மதிப்பில்லையா?

தொல்காப்பியர் வகுத்த 8 மெய்ப்பாடுகளுள் மருட்கையும் அச்சமும் அழுகையோடு ஒப்ப வைத்து எண்ணப்பட்டுள்ளன. தொலைக்காட்சி விருதுக் குழுக்கள் இச்சமநிலையைப் பேணியதாகத் தெரியவில்லை.

அமெரிக்காவில் 1984 முதல் 1996 வரை ஒளிபரப்பான 'மர்டர், ஷி ரோட்' என்னும் துப்பறியும் தொடரின் நாயகி ஏஞ்சலா லான்ஸ்பரி, அதற்காக 12 முறை எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பெற்றார், ஒருமுறையேனும் பெற்றாரிலர். 1985 முதல் 1988 வரை அவ்விருது 'காக்னி அண்ட் லேசி' என்னும் காவல்துறைத் தொடரின் நாயகியர் இருவரிடமே சென்றது. ஆகவே, குற்றக்கதை என்பது தடையன்று. சமூகச் சிக்கலை வெளிப்படையாகப் பேசும் குற்றக்கதைக்குக் கிட்டிய மதிப்பு, புதிரவிழ்ப்பை முதன்மையாகக் கொண்டதற்குக் கிட்டவில்லை எனக் கருத இடமுண்டு.

தமிழிலும் இதனையொத்த நிலையைக் காண்கிறோம். இந்திரா சௌந்தர்ராஜன் கதையில், நாகா இயக்கத்தில் 1990களில் வெளிவந்த 'விடாது கருப்பு' தொடர் இன்றும் நினைக்கப்படுகின்றது. அதில் முதன்மைப் பாத்திரம் ஏற்ற தேவதர்ஷினிக்குத் தமிழக அரசு விருது பின்னர்த் திரைப்பட நகைச்சுவைக்காகவே ('பார்த்திபன் கனவு', 2003) வாய்த்தது.

புதிர்க்கதை நாயகி அறிந்ததை முகத்திற் காட்டலாகாது. பிறர் கூற்றைக் கூர்ந்து கேட்பதையே நடிப்பாக்க வேண்டும். கண்ணீரை அளந்து பழகிய நடுவர்க்கு இவ்வடக்கம் எளிதிற் புலனாவதில்லை.

சிராங்கூன் தொடங்கிச் சிங்கையெங்கும் மெய்ப்பாட்டியலைக் கற்பிக்கும் நாம், சங்கப் பாடலோடு இத்தகைய தொடர்க்காட்சி ஒன்றையும் எடுத்துக்காட்டலாம். பலர் விரும்பிக் காண்பதனாலேயே ஒரு கலை தாழ்ந்ததாகிவிடாது என்பதை மாணவர் அங்கேயே உணர்வர்.