பேவர்லூபாவும் 1737-ம்

அறுபது, எழுபதுகளில் அம்பத்தூர், ஆவடிப் பக்கம் ஃபாக்டரி உத்தியோக மாப்பிள்ளைக்கு மாமனார் பேவர்லூபா வாட்ச் கட்டிவிட்டார் என்றால், கல்யாணம் தடபுடல் என்று அர்த்தம். 1737-இல் ஸ்விட்சர்லாந்தின் லெ லோக்ல் ஊரில் தொடங்கிய கம்பெனி அது. பம்பாயில் 1865 வாக்கிலேயே கடை விரித்துவிட்டது. ஆனால் வாங்கிக் கொடுத்த மாமனார்களுக்கு 1737 தெரியாது. சாவி கொடுத்தால் ஓடும், நேரம் தப்பாது, பக்கத்து வீட்டுக்காரர் கையிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிந்த பாரம்பரியம். அதுவே போதுமான பாரம்பரியம் என்பது என் கட்சி.

பழைய பேவர்லூபா சீ சீஃப் வாட்ச் ஒன்று கிடைத்தால் பின்மூடியைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். உள்ளே 251 வகை மெஷின் இருந்தால் கொடுத்துவைத்தவர். மற்ற வாட்சுகளில் ஒரு ஸ்பிரிங் டப்பா, இதில் இரண்டு. ஒரு தடித்த ஸ்பிரிங்குக்குப் பதில் இரண்டு மெல்லிய ஸ்பிரிங்குகள் சுமையைப் பகிர்ந்துகொள்வதால் மெஷினும் தட்டையாகிறது, விசையும் சீராக இறங்குகிறது. 1960-களின் யோசனை. டயலை மட்டும் நம்பாதீர்கள். இன்று சந்தையில் புதுப்பொலிவோடு சுற்றும் பேவர்லூபாக்களில் பாதிக்கு மேல் டயல் மறுபடி அடித்தவை என்றே எனக்குத் தோன்றுகிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஆறு மணிக்குக் கீழே உள்ள பொடி எழுத்து மை ஊறினாற்போல் தடித்திருக்கும். நிமிடக் கோடுகள் மணிக் குச்சிகளுக்கு நேரே நிற்காது.

குவார்ட்ஸ் வந்து அந்தக் கம்பெனியைச் சாய்த்தது. பெயர் கை மாறி கை மாறி, 2011-இல் டைட்டனிடம் வந்தது. அங்கிருந்து வாட்ச் விற்கும் ஈதாஸ் கம்பெனியிடம் போயிருக்கிறது. இப்போது வரும் புது வாட்சுகள் பார்க்க அழகு. மெஷின் லா ஷூ-பெரே என்ற வேறொரு ஸ்விஸ் கம்பெனியுடையது, நல்ல மெஷின்தான். ஆனால் அந்த வாட்சுக்கும் 1737-க்கும் என்ன உறவு? கடைக்காரர் இந்த எண்ணுக்கும் சேர்த்து விலை சொன்னால் நான் தர மாட்டேன்.

அதற்காகப் பரம்பரை அறுந்தாலே மதிப்பில்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஜெர்மனியில் 1845-இல் பிறந்த லாங்கே வாட்ச் கம்பெனியை 1948-இல் அரசுடைமை ஆக்கிப் பெயரையே அழித்தார்கள். 1990-இல் கொள்ளுப்பேரன் வால்டர் லாங்கே மறுபடி பதிவு செய்தார். 1994-இல் முதல் நான்கு வாட்சுகள் வந்தன. நாற்பது ஆண்டு இடைவெளி. ஆனாலும் லாங்கேயைப் புரட்டினால் பேச்சு நின்றுவிடும். மெஷினின் முக்கால் பாகத்தை மூடும் ஒரே தகடு, பூச்சு ஏதும் பூசாத ஜெர்மன் சில்வர். நாள்பட அதில் லேசாகத் தேன் நிறம் ஏறும். பேலன்ஸ் சக்கரத்தைத் தாங்கும் துண்டில் உளியால் கொத்திய பூவேலை. எந்தக் கை கொத்தியது என்று பட்டறையில் இருப்பவர்கள் பூவைப் பார்த்தே சொல்வார்கள். அந்தக் கைகளைத் தயார் செய்ததற்குத்தான் பணம்.

பெயரைவிட வேலைதான் பெரிது என்பது அம்பத்தூர்க்காரர்களுக்குப் புதிதல்ல. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள்கள் இரண்டும் பர்மிங்காம் பெயர்கள். அங்கே பட்டறைகள் மூடிய பிறகும் இங்கே டி.ஐ. சைக்கிள்ஸில் ஃபிரேம் வளைத்துக்கொண்டிருந்தார்கள். பெயருக்கு உயிர் எங்கே இருந்தது என்று கேட்டால், வேலை நடந்த இடத்தில்.

பணம் கொடுக்கத் தகுந்த இன்னொன்று ஸ்பேர். 1839 முதல் தான் செய்த எந்த வாட்சையும் பழுதுபார்த்துத் தருவோம் என்கிறது படெக் பிலிப். பழைய மாடலுக்குப் பாகம் இல்லையென்றால் கடைந்து கொடுக்கிறார்கள். வயதைக் காசாக மாற்றுவது இதுதான். இதற்கு மட்டும் பேரம் பேசாமல் தரலாம். மறுமுனையில் எச்.எம்.டி. வாட்ச் தொழிற்சாலைகளை மூட மத்திய அரசு 2016-இல் முடிவெடுத்தது. ஆனாலும் தாத்தாவின் எச்.எம்.டி. ஜனதாவுக்கு நம்மூர் ரிப்பேர்க்காரர் மேஜை டிராயரைத் துழாவி, இன்னொரு ஜனதாவிலிருந்து கழற்றிய பேலன்ஸ் ஸ்டாஃபைப் போட்டு ஓட விடுகிறார். சிட்டிசன் கூட்டுறவில் 1961-இல் தொடங்கியது எச்.எம்.டி.யின் அந்த வாட்ச் பிரிவு. லட்ச ரூபாய் வாட்சுகளில் எத்தனைக்கு இந்த யோகம்?

லட்சக்கணக்கில் போட மனமில்லாதவர்கள் டைட்டன் எட்ஜைக் கையில் வாங்கிப் பார்க்கட்டும். டாடாவும் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய கம்பெனி, 2002-இல் ஓசூரிலிருந்து அதைக் கொண்டுவந்தது. மெஷின் தடிமன் 1.15 மில்லிமீட்டர், முழு வாட்சும் 3.5. செல்லில் ஓடுவதுதானே என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் அந்த 1.15-க்குள் செல்லையும் சக்கரங்களையும் எப்படி அடுக்கியிருக்கிறார்கள் என்று ஒரு தடவை திறந்து பார்க்கலாம்.